வசந்தத்தில் பெற்றோரோடு கடலோரப் பயணம்: சார்ல்ஸ்டனா, சவானாவா?

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், குளிர் விட்டுவிட்டது, அட்லாண்டாவிலிருந்து காரிலேயே போய்வர ஒரு பழைய கடலோர ஊர் வேண்டும் என்று கேட்டால் இங்கே எல்லோரும் இரண்டு பெயர்தான் சொல்வார்கள். தென் கரோலினாவில் சார்ல்ஸ்டன், ஜார்ஜியாவில் சவானா. போன வருடம் ஏப்ரல் முதல் வாரப் பள்ளி விடுமுறையில் இரண்டுக்கும் போனோம், சார்ல்ஸ்டனில் இரண்டு இரவு, சவானாவில் மூன்று இரவு. இந்த வருடம் ஒன்றுக்குத்தான் நேரம் இருந்தது. சவானாவுக்கே போனோம். ஏன் என்று நண்பர்கள் கேட்டதற்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று இப்போதே தெரிந்திருக்கும், அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

இரண்டுக்கும் பொதுவானதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். சார்ல்ஸ்டன் 1670-ல் தொடங்கிய ஊர், சவானா 1733-ல். இரண்டிலும் பெரிய ஓக் மரங்களும், கிளைகளிலிருந்து சாம்பல் நிறச் சடை போலத் தொங்கும் ஸ்பானிஷ் மாஸும் உண்டு (பாசி என்று பெயர்தான், அது அன்னாசி குடும்பத்துச் செடி). இரண்டிலும் பழைய ஊருக்குள் சுற்றக் கட்டணமில்லாத பேருந்து ஓடுகிறது. மார்ச் கடைசியில் பகல் வெயில் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி இருக்கும், நம் கணக்கில் 21, ராத்திரிக்கு ஒரு ஸ்வெட்டர் போதும். பைன் மரத்து மகரந்தம் கார் கண்ணாடியில் மஞ்சள் பொடி தூவியது போலப் படியும், அலர்ஜி இருப்பவர்கள் மாத்திரையை மறக்க வேண்டாம். கண்ணுக்கே தெரியாத சின்னப் பூச்சி ஒன்று சாயங்காலம் கடிக்கும், சவானாவில் அதன் பெயரிலேயே ஒரு பேஸ்பால் அணி இருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இறால் சாப்பிடுகிறவர்களுக்கு இரண்டு ஊரிலும் கவலையில்லை. சுத்த சைவம் என்றால் முதல் நாளைக்காவது புளியோதரை கட்டிக்கொண்டு போவது நல்லது.

சார்ல்ஸ்டனை எந்த வகையிலும் குறைத்துச் சொல்ல மாட்டேன். பார்க்க வேண்டியவற்றின் கனத்தை வைத்துப் பார்த்தால் அதுதான் பெரிய ஊர். 1861 ஏப்ரல் 12-ம் தேதி அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டுகள் விழுந்த சம்ட்டர் கோட்டை துறைமுக வாயிலில் இருக்கிறது, படகில் அரை மணி நேரம் போக வேண்டும். ஊருக்கு வெளியே ஆஷ்லி ஆற்றங்கரையில் மக்னோலியா, மிடில்டன் ஆகிய பழைய பண்ணைத் தோட்டங்கள், அசேலியா பூக்கும் நாளில் அவற்றுக்கு ஈடாக சவானா நகருக்குள் எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலே, கேட்ஸ்டன் துறையில் 2023 ஜூனில் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆயிரக்கணக்கான மக்கள் கப்பலிலிருந்து இறக்கப்பட்ட அதே இடத்தில் அது நிற்கிறது. அந்தத் தோட்டங்களின் அழகைப் பார்க்கப் போகிறவர்கள் அதற்கு முன் இங்கே ஒரு அரை நாள் செலவிட வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். கரோலினாவின் செல்வம் நெல்லும் அவுரியும் கொடுத்தது. அந்த நெல்லை விளைவித்த கைகளும், சதுப்பில் வரப்புக் கட்டி நீர் பாய்ச்சிய அறிவும் மேற்கு ஆப்பிரிக்க மக்களுடையவை. நெல் தெரிந்த குடும்பத்தில் பிறந்த நமக்கு அந்த வேலையின் கடுமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

அம்மாவுக்குச் சார்ல்ஸ்டனில் பிடித்தது மார்க்கெட்தான். அங்கே கல்லா மக்கள், அந்த ஆப்பிரிக்க வழித்தோன்றல்கள், ஸ்வீட்கிராஸ் என்ற புல்லில் கூடை முடைகிறார்கள். புல்லைச் சுருள் சுருளாக வளைத்து, பால்மெட்டோ மரத்து ஓலையைக் கிழித்து அதால் இறுக்கிக் கட்டுகிறார்கள். ஓலை நுழைய வழி செய்வதற்குக் கையில் ஒரு சின்னக் கருவி, கரண்டியின் தலையை வெட்டிவிட்டுக் காம்பைத் தேய்த்துக் கூர்மையாக்கியது. அம்மா உடன்குடிக்காரர், பனையோலைப் பெட்டி முடைவதைப் பார்த்தே வளர்ந்தவர். அந்தப் பெண்மணியின் விரலையே பார்த்துக்கொண்டு நின்றார், அப்புறம் ஓலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஏய்யா, இது நம்ம பனைக்குத் தங்கச்சில்லா” என்றார். அந்தக் கூடை விலை அதிகம்தான். ஒரு கூடைக்குப் போகிற மணிக்கணக்கைக் கண்ணால் பார்த்த பிறகு பேரம் பேச மனம் வராது.

ஆனால் அம்மா அவ்வளவு நேரம் நின்றதுதான் அன்றைய சாயங்காலப் பிரச்சினை. என் முடிவைத் தீர்மானித்ததும் அதுதான்: உட்கார இடம்.

கேட்க ரொம்பச் சின்ன விஷயமாகத் தெரியும். எழுபதை நெருங்கும் இரண்டு பேரை, அதில் ஒருவருக்கு மூட்டு வலி, கூட்டிக்கொண்டு ஒரு பழைய ஊரைச் சுற்றிப் பாருங்கள், அப்போது மற்ற எல்லாக் கணக்கும் பின்னுக்குப் போய்விடும். சார்ல்ஸ்டன் தெருக்கள் நடந்து பார்க்கத்தான் அழகு. பக்கவாட்டில் நீண்ட தாழ்வாரம் வைத்த வீடுகள், ரெயின்போ ரோவின் பதின்மூன்று வண்ண வீடுகள், 1886 பூகம்பத்துக்குப் பிறகு சுவர்களை இழுத்துப் பிடிக்க அடித்த இரும்புப் போல்ட்டுகள் எல்லாம் மெதுவாக நடந்தால்தான் கண்ணில் படும். அந்தத் தெருக்களில் நிழலும் இருக்கிறது, ஆனால் நிழலுக்கு மேல் உரிமை வீட்டுக்காரர்களுடையது. தாழ்வாரம் அவர்களுடையது, தோட்டம் இரும்புக் கேட்டுக்கு அந்தப் பக்கம். மார்க்கெட்டிலிருந்து தென்முனையில் இருக்கும் பேட்டரிப் பூங்கா வரை ஏறக்குறைய ஒரு மைல். நடுவில் வாட்டர்ஃபிரன்ட் பூங்காவில் நல்ல பெஞ்சுகளும் அன்னாசி வடிவ நீரூற்றும் உண்டு, அதை விட்டால் நாங்கள் போன வழியில் அப்பா உட்கார்ந்தது ஒரு தேவாலயப் படியில்தான். நடைபாதைச் செங்கல்லை மர வேர் தூக்கியிருக்கிறது, சால்மர்ஸ் தெரு முழுக்க உருண்டைக் கல். பேட்டரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கடல் காற்றை அனுபவிக்கும் நிலையில் அப்பா இல்லை, கழிப்பறை எங்கே என்றுதான் கேட்டார். அதற்காக வந்த வழியே திரும்பினோம்.

சவானாவை நிறுவிய ஓகில்தார்ப் என்பவர் அந்த ஊருக்குப் போட்ட திட்டமே வேறு. ஊரைச் சின்னச் சின்ன வார்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சதுக்கத்தைப் பொதுவாக விட்டார். நாலு பக்கம் வீடுகளும் பொதுக் கட்டடங்களும். ஊர் வளர வளர அதே அச்சில் சதுக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனார்கள், மொத்தம் 24 ஆனது, இன்று 22 இருக்கின்றன. ஒரு சதுக்கத்திலிருந்து அடுத்ததற்கு இரண்டு மூன்று நிமிட நடை. ஒவ்வொன்றிலும் ஓக் நிழல், அதன் கீழே பெஞ்ச். காசு கொடுக்க வேண்டாம், காபி வாங்க வேண்டாம், உட்காரலாம், அவ்வளவுதான். அம்மா இரண்டாவது சதுக்கத்திலேயே சரியான வார்த்தையைப் பிடித்துவிட்டார்: சுமைதாங்கி. தலைச்சுமையோடு நடப்பவர்கள் இறக்கி வைத்து இளைப்பாற நம் பக்கம் வழிநெடுகக் கல் நட்டு வைத்தார்களே, அதே மாதிரி இங்கே ஊருக்கே நட்டு வைத்திருக்கிறார்கள்.

புல் தெருவை எடுத்துக்கொள்ளுங்கள். நகர மன்றத்தில் தொடங்கி ஃபோர்சித் பூங்கா வரை ஒரே நேர்க்கோடு, ஒரு மைலுக்கும் குறைவு, நடுவில் ஐந்து சதுக்கங்கள்: ஜான்சன், ரைட், சிப்பெவா, மேடிசன், மான்டரே. அப்பா ஐந்திலும் உட்கார்ந்தார். பெஞ்சின் கைப்பிடியை ஒரு கையால் பிடித்து, வலது காலை முன்னால் நீட்டி, மெல்ல இறங்கி உட்கார்வார், பத்து நிமிடம் ஆனதும் அவராகவே “சரி, போலாம்” என்று எழுந்துவிடுவார். நாங்கள் அவரை அவசரப்படுத்தவில்லை, அவர் எங்களுக்காகப் பொறுத்துக்கொள்ளவும் இல்லை. உட்கார்ந்த இடத்தில்தான் ஊரின் கதையும் கிடைத்தது. ரைட் சதுக்கத்தில், இந்த மண்ணில் குடியேற ஓகில்தார்ப்புக்கு இடம் கொடுத்த யமக்ரா பழங்குடித் தலைவர் டோமோசிச்சியை 1739-ல் அடக்கம் செய்தார்கள். பிற்பாடு அதே இடத்தில் ஒரு ரயில்வே முதலாளிக்குப் பெரிய நினைவுச் சின்னம் எழுப்பிவிட்டு, டோமோசிச்சிக்கு ஓரத்தில் ஒரு பாறையை வைத்தார்கள். அப்பா அந்தப் பாறையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் பேசவில்லை. நடந்துகொண்டே கடந்திருந்தால் அது வெறும் பாறை.

எல்லிஸ் சதுக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், காரை எங்கே நிறுத்துவது என்பதற்குப் பதில் அங்கேதான் இருக்கிறது. அங்கே இருந்த பழைய சந்தையை 1954-ல் இடித்து கார் நிறுத்தும் கட்டடம் எழுப்பினார்கள். அந்தக் கோபத்தில் அடுத்த வருடம் ஏழு பெண்கள் சேர்ந்து பழைய வீடுகளைக் காக்க ஒரு அமைப்பைத் தொடங்கினார்கள், இன்று நாம் பார்க்கும் சவானா பெரும்பாலும் அவர்கள் காப்பாற்றிக் கொடுத்தது. கடைசியில் அந்தக் கார் கட்டடத்தையும் இடித்து, வண்டிகளைத் தரைக்கு அடியில் அனுப்பிவிட்டு, 2010-ல் சதுக்கத்தை மறுபடியும் திறந்தார்கள். இப்போது காரைக் கீழே விட்டு மேலே ஏறி வந்தால் பிள்ளைகள் ஓடி நனைய நீரூற்று, பக்கத்திலேயே பொதுக் கழிப்பறை. காலையில் அங்கிருந்து தொடங்குங்கள்.

சவானாவிலும் இடறும் இடம் உண்டு. ரிவர் தெருவுக்கு இறங்கும் பழைய கல் படிகள் செங்குத்தானவை, கீழே தெருவிலும் பழைய கப்பல்களில் பாரத்துக்கு ஏற்றி வந்த கற்களைத்தான் பாவியிருக்கிறார்கள், முழங்கால் சரியில்லாதவர்களை அந்தப் படிகளில் இறக்கவே கூடாது. நகர மன்றத்தின் அருகே லிஃப்ட் இருக்கிறது, அதைத் தேடிப் பிடியுங்கள். இறங்கிவிட்டால் அங்கேயும் ஆற்றைப் பார்த்தபடி பெஞ்சுகள். துறைமுகம் ஆற்றில் இன்னும் மேலே இருப்பதால் கன்டெய்னர் கப்பல்கள் எல்லாம் ஊரை உரசிக்கொண்டு இந்த வழியாகத்தான் போக வேண்டும். தூத்துக்குடி துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை பார்த்த மனிதருக்கு அதைவிட என்ன வேண்டும்? கப்பல் திரும்பும்போது இழுவைப் படகு எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று பேரனுக்குக் கைநீட்டிக் காட்டிக்கொண்டே இருந்தார். அக்கரைக்குப் போய்வரும் சின்னப் படகும் இலவசம், அதில் மூன்று தடவை போனோம்.

வரலாற்றின் இருட்டுப் பக்கத்துக்கு சார்ல்ஸ்டன் அளவுக்குப் பெரிய அருங்காட்சியகம் சவானாவில் இல்லை, அது உண்மையான குறை. ஓவன்ஸ் தாமஸ் வீட்டை மட்டும் விட்டுவிடாதீர்கள். பின்கட்டில் அடிமைகள் தங்கிய அறைகளின் கூரையில் அவர்கள் பூசிய நீலம் இன்னும் இருக்கிறது. கெட்ட ஆவி அண்டாமல் இருக்க அந்த நீலம் என்று வழிகாட்டி சொன்னதும், திருஷ்டிக் கயிறு கட்டிய தன் மணிக்கட்டை அம்மா ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டார்.

தேதி விஷயத்தில் நாங்கள் முதல் தடவை தவறினோம். ஏப்ரல் முதல் வாரம் அசேலியாவுக்குத் தாமதம், பாதிப் பூ தரையில் கிடந்தது. இந்த வருடம் மார்ச் நாலாவது வாரம் இரண்டு நாள் லீவு போட்டுப் போனபோது ஃபோர்சித் பூங்காவின் 1858 நீரூற்றைச் சுற்றி வெள்ளையும் ரோஜா நிறமுமாக நிறைந்திருந்தது. மார்ச் 17-ஐ ஒட்டிய நாட்களில் சவானாவுக்குப் பெரியவர்களோடு போகவே வேண்டாம். செயின்ட் பேட்ரிக் ஊர்வலத்துக்கு ஊர் கொள்ளாத கூட்டம் வரும், அறை வாடகையும் எகிறும். சார்ல்ஸ்டன் என்றால் மார்ச் கடைசியிலோ ஏப்ரல் தொடக்கத்திலோ கூப்பர் ஆற்றுப் பாலத்தில் நடக்கும் ஓட்டப் பந்தயத் தேதியைப் பாருங்கள், அன்று காலை பாலத்தில் வண்டி விட மாட்டார்கள். அட்லாண்டாவிலிருந்து சவானா நாலு மணி நேரம், சார்ல்ஸ்டன் ஐந்து. சவானா வழியில் மேக்கன் ஊர் வருகிறது, அங்கே செர்ரி மரங்கள் பூப்பதும் இதே மார்ச்சில்தான், அங்கேயும் ஒரு மணி நேரம் காலை நீட்டலாம்.

சார்ல்ஸ்டனில் நான் தங்கியது இரண்டே இரவு, அதுவும் ஒரு நாள் மழை. கடற்கரைகளுக்கும் போகவில்லை. இன்னும் ஒரு நாள் இருந்திருந்தால் பேட்டரி பக்கமே அறை எடுத்து, காலையும் மாலையும் மட்டும் நடந்து, என் எண்ணம் கொஞ்சம் மாறியிருக்கலாம். நடக்கத் தெம்புள்ள இரண்டு பேர் மட்டும் போகிறீர்கள் என்றால் நானே சார்ல்ஸ்டனைத்தான் சொல்வேன். என் நண்பர் ஒருவர் கைக்குழந்தையோடு போய்விட்டு வந்து அங்கே எந்தச் சிரமமும் இல்லை என்றார். பெரியவர்கள் கூட வந்தால் மட்டும் கணக்கு வேறு.

சவானாவில் அறை தேடும்போது ரிவர் தெரு அறைகளின் ஆற்றுக் காட்சியில் மயங்க வேண்டாம். வரைபடத்தைத் திறந்து, வாசலில் இறங்கினால் எந்தச் சதுக்கம் பக்கம், நடுவில் எத்தனை தெரு என்று எண்ணிப் பாருங்கள். நாங்கள் இந்த முறை எடுத்தது மேடிசன் சதுக்கத்துக்கு ஒரு தெரு தள்ளி. விடிந்ததும் அம்மாவும் அப்பாவும் எங்களை எழுப்பாமல் அவர்களாகவே பிளாஸ்கில் காபியை ஊற்றிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டு, ஏழரைக்குத் திரும்பி வந்தார்கள்.