பழைய கட்டடத்தின் உள்ளே 360 டிகிரி பனோரமா எடுத்துத் தருகிறோம் என்றால், காசு கொடுக்கும் முன் தூண்களை எண்ணுங்கள்

மதுரை திருமலை நாயக்கர் மகாலின் உட்புறத்தைப் பனோரமாவாக, அதாவது நின்ற இடத்திலிருந்து சுற்றிலும் பல படங்கள் எடுத்து ஒன்றாக ஒட்டிய முழுச் சுற்றுப் படமாக எடுத்துத் தர ஒரு ஸ்டுடியோவிடம் எங்கள் குழு வேலை கொடுத்தது. பாதிப் பணம் முன்னால், மீதி ஃபைல் கைக்கு வந்த பிறகு என்று பேச்சு. வந்த படம் ஃபோனில் அட்டகாசமாகத்தான் இருந்தது. பெரிய திரையில் திறந்து பார்த்தால் சொர்க்க விலாசம் என்ற மண்டபத்தின் ஒரு பக்கத்தில் ஒரு தூணையும் அதற்கு மேலிருந்த வளைவையும் காணோம். வெட்டுத் தழும்பு எதுவும் கிடையாது. மண்டபம் ஒரு தூண் அளவுக்குச் சுருங்கியிருந்தது, அவ்வளவுதான். 1636-இல் எழுந்த அரண்மனையில் இன்று மிஞ்சி நிற்பதே கால்வாசி என்பார்கள். அதிலும் ஒரு தூணைத் தின்றுவிட்ட படத்தை ஆவணம் என்று எங்கே வைப்பது?

ஸ்டுடியோ பெயரைப் போடவில்லை. இதே வேலையை இதே லட்சணத்தில் செய்து தருபவர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். கோளாறு எங்கே வருகிறது, வாங்குபவர் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான் விஷயம்.

தூண் காணாமல் போவது இப்படி. ஒட்டும் மென்பொருள் அடுத்தடுத்த இரண்டு படங்களிலும் ஒரே மாதிரித் தெரியும் புள்ளிகளைத் தேடி இணைக்கும். இவைதான் கண்ட்ரோல் பாயிண்ட். நாயக்கர் மகாலில் எல்லாத் தூணும் ஒரே அச்சு, எல்லா வளைவும் ஒரே அச்சு. படங்கள் ஒன்றன்மேல் ஒன்று போதிய அளவு படியவில்லை என்றால் நான்காம் தூணையும் ஐந்தாம் தூணையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டு நடுவில் உள்ளதை விழுங்கிவிடும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உருண்டைத் தூணின் விளிம்பு நிலையான இடம் அல்ல. கேமரா கொஞ்சம் நகர்ந்தாலே தூணின் வேறொரு பகுதி விளிம்பாகிவிடும். விளிம்பில் வைத்த புள்ளி எல்லாமே பொய்ப் புள்ளி. பூச்சோ வழவழவென்று இருக்கிறது, பிடிமானம் கிடையாது. கறை, விரிசல், காரை உதிர்ந்த இடம் பார்த்துக் கையால் புள்ளி வைக்க வேண்டும். சொல்ல வெட்கம்தான், ஆனால் பார்க்க வந்தவர்கள் தூணில் ஆணியால் கிறுக்கி வைத்த பெயர்களைப்போல நல்ல கண்ட்ரோல் பாயிண்ட் அங்கே வேறு இல்லை.

அடுத்தது இடமாறு தோற்றம்: பார்க்கும் இடம் நகர்ந்தால் அருகில் உள்ளதும் தூரத்தில் உள்ளதும் ஒன்றுக்கொன்று விலகித் தெரிவது. இதைத்தான் எல்லோரும் ‘சாஃப்ட்வேர் பார்த்துக்கும்’ என்று தள்ளிவிடுகிறார்கள். கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு உடம்போடு திரும்பினால் லென்ஸ் ஒரே இடத்தில் நிற்காது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் 10 செ.மீ. நகர்வது சர்வசாதாரணம். 24 மி.மீ. லென்ஸ், 6000 பிக்சல் அகலம் தரும் ஃபுல் ஃபிரேம் (36 மி.மீ. அகல சென்சார்) கேமரா என்று வையுங்கள். 2 மீட்டரில் ஒரு தூண், 20 மீட்டரில் பின்சுவர். அந்த 10 செ.மீ. நகர்வில் தூணும் சுவரும் ஒன்றுக்கொன்று சுமார் 180 பிக்சல் விலகிவிடும். எந்த மென்பொருளாலும் இதை நேர்செய்ய முடியாது, ஒட்டு வரியை எங்காவது ஒதுக்கி மறைக்கத்தான் முடியும். நகர்வை 1 செ.மீ.க்குள் அடக்கினால் விலகல் 18 பிக்சல். அது சமாளிக்கக்கூடிய அளவு.

பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் டிரைபாட் வைக்கப் பெரும்பாலும் தனி அனுமதி வேண்டும். அதனால் கையில் பிடித்து எடுப்பது தப்பே இல்லை, முறை தெரிந்து எடுக்க வேண்டும். லென்ஸின் முன்வளையத்தில் நூல் கட்டிக் கீழே ஒரு சிறு எடை தொங்கவிடுங்கள், தரையைத் தொட்டும் தொடாமலும். தரையில் ஒரு நாணயம். எடை எப்போதும் நாணயத்துக்கு நேர் மேலே இருக்கட்டும். நாணயத்தைச் சுற்றி நடப்பது நீங்கள், லென்ஸ் அல்ல. கேமராவை நெட்டுவாக்கில் பிடித்தால் 24 மி.மீ. லென்ஸ் அகலத்தில் 53 டிகிரி பிடிக்கும். வழக்கமாக 30 சதவீதம் மேற்படிந்தால் போதும் என்பார்கள், ஆனால் ஒரே அச்சுத் தூண்கள் வரிசையாக நிற்கும் இடத்தில் பாதிக்குப் பாதி படியணும். நேர்மட்டத்தில் 14 படம், 45 டிகிரி மேலே சாய்த்து 12, கீழே சாய்த்து 12, குவிமாட உச்சிக்கு 2, தரைக்கு 2. வெளிச்சம், வெள்ளைச் சமநிலை, ஃபோகஸ் மூன்றையும் கையால் பூட்டிவிட வேண்டும். லென்ஸ் துளையை எஃப் 8-இல் நிறுத்தி 2.5 மீட்டருக்கு ஃபோகஸ் வைத்தால் ஒன்றேகால் மீட்டரிலிருந்து கடைசிச் சுவர் வரை தெளிவாக விழும். ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு) ஏறினாலும் பரவாயில்லை, ஷட்டர் 1/60 நொடியைவிட மெதுவாகக் கூடாது. எங்களுக்கு எடுத்தவர் எல்லாவற்றையும் ஆட்டோவில் விட்டிருந்தார். முற்றத்துப் பக்கம் திரும்பிய படங்கள் இருண்டு, உள்பக்கம் திரும்பியவை வெளுத்து, ஒரே தூண் இடப்பாதி மஞ்சளாகவும் வலப்பாதி நீலமாகவும் நின்றது.

ஒட்டும்போது கண்ட்ரோல் பாயிண்ட்டைப் பின்சுவரிலும் தூரத்துத் தூண்களிலும் வைத்துவிட்டு, அருகில் உள்ள ஒவ்வொரு தூணும் முழுதாக ஒரே படத்திலிருந்து வரும்படி மாஸ்க் போடுவதுதான் (மற்றப் படங்களில் அந்த இடத்தை மறைப்பதுதான்) சரி. ஹகின், பிடிகுய் என்ற ஒட்டும் மென்பொருள்கள் இரண்டிலும் இந்த வசதி உண்டு, முன்னது இலவசம். கணக்கிட்ட பிறகு சராசரிப் பிழை, அதாவது ஜோடிப் புள்ளிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகி நிற்பது, எத்தனை பிக்சல் என்று இரண்டுமே காட்டும். கையில் எடுத்த உட்புறத்துக்கு 3 முதல் 5 வரை வந்தால் நல்ல வேலை. ஏதாவது ஒரு ஜோடி 50, 60 என்று காட்டினால் எங்கோ தப்பான தூண் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். இந்த எண்ணை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கேளுங்கள். முறையாகச் செய்தவர் தயங்க மாட்டார்.

கைக்கு வந்த ஃபைலைச் சோதிக்கப் பெரிய வித்தை வேண்டாம். தூண், வளைவு, வளைவின் இதழ்கள் எல்லாவற்றையும் சாதாரணப் படங்களோடு ஒப்பிட்டு எண்ணுங்கள். உச்சி, தரை எல்லாம் அடங்கிய முழுக்கோளப் படம் என்றால் அகலம் உயரத்தைப் போல் சரியாக இரண்டு மடங்கு இருக்க வேண்டும். அந்த அகலம் நியாயமானதா என்றும் ஒரு கணக்கு உண்டு: மேலே சொன்ன கேமராவுக்கு 6000-ஐச் சென்சார் அகலமான 36-ஆல் வகுத்து லென்ஸின் 24-ஆல் பெருக்கினால் 4000, அதை 6.28-ஆல் (2π, ஒரு முழுச் சுற்று) பெருக்கினால் ஏறத்தாழ 25,000 பிக்சல். அதைவிட நிறையப் பெரிதாக இருந்தால் ஊதிப் பெருக்கியது. சந்தேகம் வந்தால் பாதியாகக் குறைத்துத் திரும்பப் பழைய அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள், வித்தியாசமே தெரியாவிட்டால் முக்கால்வாசிப் பிக்சல் வெறும் நிரப்பல். பிறகு ஃபோட்டோஷாப்பின் ஆஃப்செட் ஃபில்டரில் படத்தைப் பாதி தள்ளுங்கள். இடது ஓரமும் வலது ஓரமும் சேருமிடம் நடுவில் வந்து நிற்கும், பிசிறு இருந்தால் அங்கே தெரியும். உச்சியை ஹகினில் தனியாகத் திருப்பிப் பார்ப்பதும் அவசியம். எங்கள் படத்தில் உச்சிக்குப் படமே எடுக்காமல், பக்கத்துப் பூவேலையை நகலெடுத்து இரண்டு தரம் ஒட்டியிருந்தார்கள். லைட்ரூமில் ஓரத்தை இழுத்து நிரப்பும் வசதியும், இப்போது வந்திருக்கும் ஏஐ நிரப்பலும் கல்யாண ஆல்பத்துக்குச் சரி. ஆவணத்தில் அது கட்டடத்துக்குப் போலிக் காரை பூசுவது. ‘நிரப்பல் கூடாது, இல்லாத இடம் கறுப்பாகவே இருக்கட்டும்’ என்று எழுதி வாங்குங்கள்.

ஸ்டுடியோவில் கேட்டதற்கு ‘ஃபோனில் பார்த்தால் தெரியாது சார்’ என்றார்கள். மூலப் படங்களைக் கேட்டோம், வாட்ஸாப்பில் சுருக்கி அனுப்பினார்கள். அதில் லென்ஸ் விவரம், வெளிச்ச விவரம் எதுவும் ஒட்டாது. ரா ஃபைல் (கேமரா பதிவு செய்ததை அப்படியே வைத்திருக்கும் மூல ஃபைல்) எடுக்கவே இல்லையாம். காணாமல் போன தூண் இருந்த இடத்தில் மேற்படிவு பத்து சதவீதம்கூட இல்லை, வேறு யாரிடம் கொடுத்தாலும் ஒட்டாது. முன்பணம் திரும்பி வரவில்லை, மீதியை நாங்கள் கொடுக்கவில்லை.

ஒப்பந்தத்தில் ரா ஃபைல்கள், ஹகின் அல்லது பிடிகுய் புராஜெக்ட் ஃபைல், சுருக்காத டிஃப் (TIFF) படம் எல்லாம் பென்டிரைவில் வேண்டும் என்று போடுங்கள். ஜேபெக் ஒரு பக்கத்துக்கு 65,535 பிக்சல் வரை தாங்கும், ஆகவே ‘ஃபைல் ரொம்பப் பெரிசு, அதான் சுருக்கினோம்’ என்ற சாக்கு எடுபடாது. சாம்பிள் பார்த்துத்தான் ஆளைத் தேர்ந்தெடுப்பீர்கள் என்றால், தூண் வரிசைக்குள் நின்று எடுத்ததைக் கேளுங்கள். முற்றத்தின் நடுவில் எடுத்தது வேண்டாம், அங்கே எல்லாமே தூரத்தில் இருக்கிறது, யார் எடுத்தாலும் ஒட்டும்.