தாக்குதல் விளம்பரங்களைத் தமிழில் படித்த ஆறு ஞாயிறுகள்

தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் தமிழில் நடந்த, அமெரிக்க அதிபர் தேர்தல் பரப்புரை பற்றிய வகுப்பைச் சென்ற வாரம் முடித்தேன். கட்டணம் 2,400 ரூபாய். பதினோரு ஆண்டுகளாகச் செய்தி மொழிபெயர்ப்பில் இருக்கும் நான், எதிர் வேட்பாளரைச் சாடும் தாக்குதல் விளம்பரம் எப்படிக் கட்டப்படுகிறது என்று தெரிந்துகொள்ளவே சேர்ந்தேன். அந்த அளவில் கொடுத்த பணத்துக்கு மேலாகவே கிடைத்தது. ஆயினும் வகுப்பு தொடாமல் விட்ட ஒன்று இன்னும் உறுத்துகிறது.

முதல் ஞாயிறு முழுவதும் ஒரே ஒரு விளம்பரம். 1964 செப்டம்பர் 7 அன்று, அன்றைய அதிபர் லிண்டன் ஜான்சனுக்காக என்.பி.சி. தொலைக்காட்சியில் கட்டண விளம்பரமாக ஒரே ஒரு முறை ஒளிபரப்பான அந்த ஒரு நிமிடப் படத்தில், ஒரு சிறுமி பூவின் இதழ்களைப் பிய்த்தபடி எண்களை வரிசை தவறி எண்ணுகிறாள். ஓர் ஆணின் குரல் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணுகிறது. பிறகு அணுகுண்டு வெடிக்கிறது. ஆசிரியர் முதலில் ஒலியில்லாமலும், அடுத்து ஒலியை மட்டும் தனியாகவும் போட்டுக் காட்டினார். எதிர் வேட்பாளர் பாரி கோல்டுவாட்டரின் பெயர் அதில் எங்குமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பெயர் சொல்லி, ஊர் சொல்லி எதிரியை விளாசும் மேடைப் பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிய பாடம். கோல்டுவாட்டர் 1963ஆம் ஆண்டின் அணுச் சோதனைத் தடை ஒப்பந்தத்தை எதிர்த்து வாக்களித்தவர் என்பதால் மக்கள் மனத்தில் அச்சம் முன்பே இருந்தது. விளம்பரம் அதைத் தொட்டு மட்டும் விட்டது. மீதி வேலையை, அதை மீண்டும் காட்டிய செய்தி நிகழ்ச்சிகளே செய்துவிட்டன.

மூன்றாம் ஞாயிற்றின் பயிற்சியையும் சொல்ல வேண்டும். நால்வர் கொண்ட குழுக்களாகப் பிரிந்து, ஒரு கற்பனைக் குற்றச்சாட்டுக்கு அறுபது சொற்களில் மறுப்பு எழுதினோம். எங்கள் மறுப்பின் முதல் வரியை ஆசிரியர் அப்படியே அடித்துவிட்டார். மறுக்கும் அவசரத்தில் எதிரியின் குற்றச்சாட்டை நாங்களே இன்னொரு முறை சொல்லியிருந்தோம். தலைப்பு எழுதும்போது இந்தத் தவற்றை நான் எத்தனை முறை செய்திருப்பேன்! 1988இல் கோடைக்காலக் கருத்துக்கணிப்பில் 17 புள்ளிகள் முன்னிலையில் இருந்த அதிபர் வேட்பாளர் மைக்கேல் டுகாக்கிஸ், தம் மாநிலத்தில் சிறைக் கைதிகளுக்கு இருந்த தற்காலிக விடுப்புத் திட்டத்தை வைத்து வந்த விளம்பரங்களுக்கு நெடுநாள் வாய் திறக்காமல் இருந்து தோற்றதையும், அதைப் பார்த்துப் பாடம் கற்ற கிளின்டன் அணி 1992இல் உடனுக்குடன் பதில் தரத் தனி அறையே அமைத்ததையும் இதனோடு சேர்த்து விளக்கியது மிகவும் பயன்பட்டது. தேர்தல் நிதி பற்றிய ஐந்தாம் வகுப்பு அவசரகதியில் ஓடிவிட்டது.

குறை நான்காம் வகுப்பில். 2004இல் அதிபர் வேட்பாளர் ஜான் கெரியின் வியட்நாம் போர்ச் சேவையைப் பொய் என்று சாடிய முன்னாள் வீரர் குழுவின் விளம்பரங்களை, எதிரியின் பலத்தையே குறிவைத்த வெற்றிகரமான உத்தி என்று ஒரு மணி நேரம் விளக்கினார்கள். கடற்படை ஆவணங்களும், போரில் அவர் தலைமை தாங்கிய கடற்படைப் படகில் உடனிருந்தவர்களில் பெரும்பாலோரின் சாட்சியமும் கெரியின் பக்கம் நின்றன என்பதைக் கடைசி ஐந்து நிமிடத்தில், அதுவும் ஒருவர் எழுந்து கேட்ட பிறகுதான் சொன்னார்கள். வேட்பாளர் தாமே தோன்றி விளம்பரத்துக்கு ஒப்புதல் சொல்ல வேண்டும் என்ற 2002ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய வெளிக் குழுக்களைக் கட்டுப்படுத்தாது. கடுமையான தாக்குதல் பெரும்பாலும் வேறொருவர் கையிலிருந்தே வருவதற்கு அதுவும் ஒரு காரணம். அதைப் பேசியிருக்க வேண்டிய இடம் இதுதான். பொய் எப்படி வென்றது என்பதைக் கற்பிப்பவர், அது பொய் என்பதை முதலில் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். நேரம் போதவில்லை என்று பதில் வந்தது.

விளம்பர உரைகளின் தமிழாக்கத்தை அச்சிட்டுத் தருகிறார்கள். நல்ல, தெளிவான தமிழ். அடுத்த அணியில் சேர்பவர்கள் நான்காம் வகுப்புக்கு முன்பே அந்தத் தாள்களோடு கெரி பற்றிய உண்மைச் சரிபார்ப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.