பழைய நினைவா, எதிரில் நிற்பவரா?

அழ வேண்டிய காட்சி. கண்ணீரை எங்கிருந்து கொண்டுவருவது? அமெரிக்க நடிப்பு ஆசிரியர் லீ ஸ்ட்ராஸ்பெர்க் வழி, சொந்த வாழ்க்கையின் பழைய துக்கத்தைத் தோண்டச் சொல்கிறது. இன்னொரு அமெரிக்க ஆசிரியரான சான்ஃபோர்ட் மைஸ்னர் வழி, எதிரில் நிற்கும் நடிகரைக் கவனிக்கச் சொல்கிறது. இரண்டும் ரஷ்ய நாடக இயக்குநர் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியிடமிருந்து கிளைத்தவைதான்.

எதிரில் ஆளே இல்லாமல் க்ளோசப்பில் நடிக்கும்போது நினைவு பெரிய துணை. ஆனால் பத்தாவது டேக்கில் அந்தத் துக்கம் வற்றிவிடும். மனசுக்கும் நல்லதில்லை. 1934-ல் பாரிஸில் ஸ்தானிஸ்லாவ்ஸ்கியைச் சந்தித்துத் திரும்பிய அமெரிக்க நடிகை ஸ்டெல்லா ஆட்லர், கற்பனையும் கதைச் சூழலும்தான் முக்கியம் என்று ஸ்ட்ராஸ்பெர்கோடு முரண்பட்டார்.

மைஸ்னரின் பயிற்சி பார்க்க எளிது. இருவர் எதிரெதிரே இருந்து ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். "நீ சிரிக்கிறாய்." "நான் சிரிக்கிறேன்." சொல் அதேதான், குரல் மட்டும் தானாக மாறும். எனக்கு நடிப்பு என்றால் அந்த மாற்றம்தான். பேர் வாங்க வேண்டும் என்ற ஆசை தலைதூக்கினால் போச்சு, கவனம் நம் மீதே திரும்பிவிடும்; எதிரில் இருப்பவர் சொன்னது காதில் விழாது. எனக்குப் பலமுறை அப்படி ஆகியிருக்கிறது.

புதிதாக வருபவர் என்றால் மைஸ்னரில் தொடங்குங்கள். தனியாக நிற்கும் காட்சிக்கு மட்டும் நினைவைத் தொடுங்கள், அதுவும் ஆறிய காயமாக இருந்தால்.