அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்: நம்பிப் போகலாம்

அத்தைக்கு மார்பில் கட்டி என்றதும் நாங்கள் போனது அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டுக்குத்தான், யார் கேட்டாலும் அங்கேதான் போகச் சொல்வேன். டாக்டர் ஒரு தாளில் படம் வரைந்து, கட்டி எங்கே இருக்கிறது, முதலில் மருந்தா ஆபரேஷனா, ஏன் அப்படி என்று எல்லாவற்றையும் அத்தையின் முகத்தைப் பார்த்தே சொன்னார், கூடப் போன எங்களைப் பார்த்து இல்லை. அது ரொம்பப் பெரிய விஷயம்.

இதெல்லாம் டாக்டர் சாந்தா வளர்த்த பழக்கம் என்றுதான் நான் நம்புகிறேன். முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கியபோது வெறும் 12 படுக்கைதான். அடுத்த வருடமே வந்து சேர்ந்த சாந்தா, 2021-இல் இறக்கும்வரை இதை விட்டுப் போகவே இல்லை. சென்னையில் யாருக்கு எந்தப் புற்றுநோய் வருகிறது என்று கணக்கெடுக்கும் பதிவேட்டை 1980-களின் தொடக்கத்திலேயே இங்கே ஆரம்பித்துவிட்டார்கள். கணக்கு கையில் இல்லாமல் அரசாங்கத்திடம் என்ன திட்டம் கேட்க முடியும், சொல்லுங்கள்! சாந்தாவுக்கு 2005-இல் மகசேசே விருது, 2016-இல் பத்ம விபூஷண், எல்லாம் தகுதியான ஆளுக்குத்தான் போயிருக்கிறது.

அப்புறம், போகிறவர்கள் பழைய ரிப்போர்ட்டோடு நிற்காமல், பயாப்சி ஸ்லைடு (பரிசோதனைக்கு எடுத்த சதையின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடித் தகடு), பிளாக் (மீதிச் சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டி) இரண்டையும் லேபில் கேட்டு வாங்கிக்கொண்டு காலையிலேயே போய்விடுங்கள்.