டெஃப் லெப்பர்ட் பைரோமேனியா டபுள் சிடி - ரெண்டாவது டிஸ்க்கை முதல்ல போடுங்க

டெஃப் லெப்பர்ட்ங்கிற ராக் பேண்டோட பைரோமேனியா ஆல்பத்துக்கு 2009ல வந்த டீலக்ஸ் எடிஷன் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா மனசுல இருந்துச்சு. ரெண்டு சிடி செட். முதல் டிஸ்க்ல 1983 ஜனவரில வந்த ஆல்பம், ரீமாஸ்டர் பண்ணது. ரெண்டாவதுல அதே வருஷம் செப்டம்பர் 11ம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கத்துல நடந்த கச்சேரி. இந்த ரெண்டாவது டிஸ்க்குக்காகத்தான் இவ்வளவும் எழுதுறேன்.

ஆல்பம் எனக்கு காசட் காலத்துலேர்ந்தே பழக்கம். நண்பன் ஒருத்தன் பதிவு பண்ணிக் குடுத்த டேப், அதுல ரெண்டாவது பக்கம் கடைசிப் பாட்டு 'பில்லிஸ் காட் எ கன்' பாதியிலயே டேப் தீந்துடும், டக்குனு நிக்கும். அந்தப் பாட்டு எப்படி முடியும்னே பல வருஷம் தெரியாம இருந்தேன். சிடி வாங்கி கேட்டப்பதான் தெரிஞ்சுது, பாட்டு முடிஞ்சும் ஒரு டிரம் துண்டு மட்டும் விடாம சுத்திட்டே இருந்து மெல்ல மங்கிப் போகுது. ஒரு நிமிஷம் அப்படியே உக்காந்துட்டேன்.

வெறுமனே சிடி பத்தி சொன்னா புரியாது, அதனால கொஞ்சம் பின்னணி. இவங்க இங்கிலாந்துல ஷெஃபீல்ட்காரப் பசங்க. இரும்பு ஆலை ஊரு. 1980ல முதல் ஆல்பம் வந்துச்சு, அதுல 'ஹலோ அமெரிக்கா'ன்னு ஒரு பாட்டு இருந்துச்சு, அதுவே அவங்க ஊர்ல பெரிய குத்தமாப் போச்சு, நம்மள விட்டுட்டு அமெரிக்காக்காரனுக்கு வித்துட்டாங்கன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க, அந்த வருஷம் ரெடிங் ராக் திருவிழாவுல மேடையில நிக்கிறப்பவே கூட்டத்துலேர்ந்து கேன் பறந்துச்சு. அப்ப டிரம்மர் ரிக் ஆலனுக்கு 16 வயசு. அந்த வயசுல சொந்த நாட்டுக்காரன் எறியிற கேனுக்கு நடுவுல வாசிக்கிறதுன்னா யோசிச்சுப் பாருங்க.

அமெரிக்காவுல கதை வேற மாதிரி போச்சு. 1981 ஆகஸ்ட்ல எம்டிவின்னு மியூசிக் வீடியோ டிவி சேனல் ஆரம்பிச்சாங்க. இருபத்து நாலு மணி நேரமும் வீடியோ ஓட்டணும், ஆனா அமெரிக்க பேண்டுங்க நெறைய பேருகிட்ட அப்ப வீடியோவே கிடையாது, இங்கிலாந்துக்காரங்ககிட்டதான் இருந்துச்சு. அப்படித்தான் ரெண்டாவது ஆல்பத்துல இருந்த 'பிரிங்கின் ஆன் த ஹார்ட்பிரேக்' அங்க வீட்டு வீட்டுக்குள்ள போச்சு. அப்புறம் வந்தது பைரோமேனியா. 'ஃபோட்டோகிராஃப்' வீடியோ எம்டிவியில திரும்பத் திரும்ப ஓடுது, ஊர் ஊருக்கு இருந்த எஃப்எம் ராக் ஸ்டேஷன்லயும் அதே பாட்டு. ஆல்பம் அமெரிக்காவோட பில்போர்ட் ஆல்பம் பட்டியல்ல ரெண்டாம் இடம் வரைக்கும் போச்சு. முதல் இடத்துல உக்காந்திருந்தது மைக்கேல் ஜாக்சனோட த்ரில்லர், அதை யாராலயும் அசைக்க முடியாத வருஷம் அது. இதே ஆல்பம் இங்கிலாந்துல 18ம் இடத்தோட நின்னுடுச்சு, 'ஃபோட்டோகிராஃப்' அங்க முதல் அம்பதுக்குள்ளகூட வரல. அமெரிக்காவுல மட்டும் ஒரு கோடிப் பிரதி தாண்டி 2004ல டைமண்ட் சான்றிதழ் வாங்குச்சு.

இதுல என் மனசைத் தொடுற விஷயம் ஒண்ணு. அமெரிக்காவுக்கு வித்துட்டான்னு யாரைத் திட்டுனாங்களோ, அந்தப் பாடகர் ஜோ எலியட் அந்த வருஷம் முழுக்க பிரிட்டிஷ் கொடி போட்ட பனியனைத்தான் மாட்டிக்கிட்டு அமெரிக்க மேடையில பாடினாரு. ரிக் ஆலனோட டிராயர்லயும் அதே கொடி. அதைப் பாத்து அமெரிக்கப் பசங்க எல்லாம் அதே பனியனை வாங்கிப் போட்டுக்கிட்டு கச்சேரிக்கு வந்தாங்க. ஊரை விட்டுட்டவன் செய்யற வேலையா இது?

சரி, டிஸ்க்குக்கு வருவோம்.

முதல் டிஸ்க், ஆல்பம். பத்துப் பாட்டு, 45 நிமிஷம். தயாரிச்சது மட் லேங், ஏசி/டிசியோட பேக் இன் பிளாக் பண்ண அதே ஆளு. மனுஷன் ஒவ்வொரு சத்தத்தையும் தனித்தனியா எடுத்து அடுக்கியிருக்காரு, கோரஸ் வர்ற எடத்துல குரல் மேல குரல் அடுக்கி, அஞ்சு பேர் பாடுறது ஒரு ஸ்டேடியமே பாடுற மாதிரி கேக்கும். டிரம் சத்தத்துல பெரும்பங்கு ஃபேர்லைட்ங்கிற கம்ப்யூட்டர் கருவியில சேமிச்சு வச்ச சாம்பிள்தான். 1982ல இதெல்லாம் ராக் பேண்டுங்க நெறைய பேரு நெனச்சுப் பாக்காத விஷயம். கீபோர்டு வாசிச்சது தாமஸ் டால்பி, ஒப்பந்தச் சிக்கலோ என்னவோ, அட்டையில வேற பேருலதான் இருப்பாரு. ரிதம் கிட்டார்ல நெறைய, பாதியில வெளிய அனுப்பப்பட்ட பீட் வில்லிஸ் வாசிச்சு வச்சுட்டுப் போனது, சோலோவுக்குத்தான் புதுசா வந்த ஃபில் காலன். இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு கேட்டாலும் தையல் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்க முடியாது, அதுதான் மட் லேங்.

ஒரு குறை இருக்கு, ரீமாஸ்டர்ல சத்தத்தைக் கூடுதலா ஏத்திட்டாங்க. ஹெட்ஃபோன்ல 'ராக் ராக் டில் யூ டிராப்' முழுசா கேட்டா காது களைச்சுடுது. பழைய எல்பில இருந்த மூச்சு விடுற எடம் இதுல இல்ல. ஸ்பீக்கர்ல போட்டா அவ்வளவா தெரியல.

இப்ப ரெண்டாவது டிஸ்க். அந்த வருஷ ஆரம்பத்துல இவங்க அமெரிக்காவுல பில்லி ஸ்கொயர்ங்கிற ராக் பாடகருக்கு முன்னாடி வாசிக்கிற பேண்டு, அவ்வளவுதான். செப்டம்பர்ல ஃபோரம் மாதிரி எடத்துல மெயின் பேண்டே இவங்கதான். எட்டு மாசத்துக்குள்ள இவ்வளவும். இந்த டிஸ்க்ல அதை காதால கேக்கலாம். கூட்டத்தோட சத்தத்தைச் சொல்றேன், 'ஃபோட்டோகிராஃப்' ஆரம்பிக்கிற அந்த கிட்டார் வந்த உடனே எழும்புற இரைச்சல், அதுல பொண்ணுங்க குரலும் பசங்க குரலும் கலந்து வருது. அந்தக் காலத்து ஹார்ட் ராக் கச்சேரின்னா பசங்க கூட்டமாத்தான் இருக்கும், இங்க கேக்குறப்பவே கூட்டம் மாறிட்டது தெரியுது.

ஆல்பத்துல அடுக்கி வச்சதெல்லாம் இங்க கிடையாது. ரெண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம், குரல்கள். ஸ்டூடியோவுல கட்டின பாட்டுங்க, மேடையில விழுந்துடும்னு நெனச்சுத்தான் போட்டேன். விழல. 'ஸ்டேஜ்ஃப்ரைட்' ஆல்பத்தைவிட வேகமா, முரட்டுத்தனமா இருக்கு. ஜோ குரல் சில எடத்துல மேல எட்டாம கிழியுது, அதை அப்படியே விட்டிருக்காங்க, எனக்கு அதுதான் பிடிச்சிருக்கு. 'ஃபூலின்' மெதுவா ஆரம்பிச்சு ஏர்ற எடத்துல கூட்டமே சேந்து பாடுது, மட் லேங் மாசக்கணக்கா உக்காந்து செஞ்சதை அந்தக் கூட்டம் சும்மா செஞ்சுட்டுப் போகுது.

நான் திரும்பத் திரும்பக் கேக்குறது நடுவுல வர்ற ரெண்டு பாட்டு. 'ஹார்ட்பிரேக்' முடிஞ்ச கையோட மூச்சு விடாம 'ஸ்விட்ச் 625' வரும், பாட்டு வரியே இல்லாத இசை, பேண்டோட கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் கிளார்க் எழுதினது. அந்த மெட்டு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மேல ஏறி ஏறி வரும், கீழ ரிக் ஆலன் ரெண்டு கையாலயும் போட்டு அடிப்பாரு. ரெண்டு கையாலயும்னு ஏன் சொல்றேன்னா, அடுத்த வருஷம் கடைசி நாள், 1984 டிசம்பர் 31, ஷெஃபீல்ட் பக்கத்துல கார் விபத்துல அவரோட இடது கை போயிடுச்சு. ஃபோரம்ல வாசிக்கிறப்ப அவருக்கு 19 வயசு. ஸ்டீவ் கிளார்க் 1991 ஜனவரில செத்துட்டாரு, 30 வயசுதான். இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு அந்த இசையைக் கேக்குறப்ப தொண்டை அடைக்குது. எதுவும் நடக்காத ஒரு ராத்திரி அது, எல்லாரும் முழுசா இருக்காங்க, எல்லாமே கெடைச்சுட்ட சந்தோஷத்துல வாசிக்கிறாங்க.

இவங்க வெற்றிக்கு முழுக் காரணம் எம்டிவியும் மூஞ்சியும்தான்னு சொல்றவங்க இன்னும் இருக்காங்க. எம்டிவி கதவைத் தொறந்துச்சு, சரி. உள்ள வந்தவன் வாசிக்கலைன்னா கூட்டம் ரெண்டாவது பாட்டுல எழுந்து போயிருக்கும். 1981லேர்ந்து ஆஸி ஆஸ்போர்ன் மாதிரி ஆளுங்களுக்கு முன்னாடி முப்பது நாப்பது நிமிஷம் வாசிச்சு ஊர் ஊரா சுத்துன உழைப்பு இந்த டிஸ்க்ல கேக்குது. இங்கிலாந்துக்கு இது புரியறதுக்கு 1987 ஆச்சு, ஹிஸ்டீரியா வந்தப்பதான் அங்க முதல் இடம் குடுத்தாங்க.

வாங்குறவங்களுக்கு ரெண்டு வார்த்தை. 2018 ஜனவரி வரைக்கும் இவங்க பழைய ஆல்பம் எதுவும் ஸ்ட்ரீமிங்ல கெடையாது, கம்பெனியோட தகராறு, அதனால ரொம்ப நாள் இந்த சிடிதான் கதி. இப்ப எல்லாம் ஸ்ட்ரீமிங்ல கேக்கலாம், 2024ல நாப்பதாம் வருஷப் பெட்டியும் பெருசா வந்துச்சு, டெமோ எல்லாம் வேணும்கிறவங்க அதைப் பாக்கலாம். எனக்கு இந்த ரெண்டு டிஸ்க்கே போதும். பழசா வாங்குறீங்கன்னா ரெண்டாவது டிஸ்க்கோட பின்பக்கம் படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்க. எனக்கு வித்தவர் கீறல் இல்லன்னு சொன்னாரு, வந்து பாத்தா 'வேஸ்டட்' பாட்டுல ரெண்டு எடம் குதிக்குது, இன்னொண்ணு தேடி வாங்க வேண்டியதாப் போச்சு.

கடைசிப் பாட்டு வர்றதுக்குள்ள நிறுத்திடாதீங்க. குயீன் பேண்டோட பிரையன் மே அன்னிக்கு மேடை ஏறுறாரு. எல்லாரும் சேந்து வாசிக்கிறது 'டிராவலின் பேண்ட்', கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவலோட 1970 பாட்டு. கலிஃபோர்னியா பேண்டோட பாட்டை இங்கிலாந்துக்காரங்க ஆறு பேரும் கலிஃபோர்னியாவுலயே நின்னு வாசிக்கிறாங்க, மூணு கிட்டாரும் ஒண்ணையொண்ணு தொரத்துது, ஜோ நடுவுல சிரிச்சுக்கிட்டே பாடுற மாதிரி இருக்கு, கூட்டம் விடவே மாட்டேங்குது.