அடுத்து வாசிக்க மிஸ் மார்வெல் முதல் தொகுதி

ஒரு சூப்பர் ஹீரோவின் தொடக்கக் கதையைக் கையில் எடுத்தால் நான் ஒன்றைத்தான் முதலில் பார்ப்பேன். சக்தி வந்ததும் அந்த ஆள் என்ன செய்கிறார்? உடனே மேலங்கி போட்டுக்கொண்டு உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பினால் எனக்கு அந்தப் புத்தகத்தில் பாதி ஆர்வம் போய்விடும். முதலில் சறுக்க வேண்டும். எங்கள் அப்பாவின் தலைமுறை உயிராக வாசித்த இரும்புக்கை மாயாவியைப் பாருங்கள். 1972 இல் முத்து காமிக்ஸ் அவரைத் தமிழுக்குக் கொண்டுவந்தது. மூலக்கதை பிரிட்டனில் 1962 இல் வேலியன்ட் இதழில் தொடங்கியது. உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கையைத் தவிர மற்றதெல்லாம் மறைந்துவிடும். மறையத் தெரிந்ததும், மாயாவியின் உண்மைப் பெயரான லூயிஸ் கிராண்டேல் போனது குற்றத்தின் வழியில்தான். நல்லவனானது பிறகு. அதே 1962 இல் அமெரிக்காவில் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 11 பக்கங்களில் ஸ்பைடர்மேனைத் தொடங்கினார்கள். அந்தப் பையனும் முதலில் மல்யுத்த மேடைக்கும் தொலைக்காட்சிக்கும்தான் ஓடினான், காசுக்காக. பக்கத்தால் ஓடிய திருடனைப் பிடிக்காமல் விட்டான். அந்தத் திருடன் கையில்தான் அவனை வளர்த்த பென் மாமா செத்துப்போகிறார்.

இதை இப்போது எழுதக் காரணம், ஓகஸ்ட் விடுமுறைக்கு அண்ணா குடும்பம் கனடாவிலிருந்து வருகிறது. பெட்டியில் இரண்டு புத்தகத்துக்குத்தான் இடம் என்று அண்ணி முன்கூட்டியே சொல்லிவிட்டார். திருகோணமலையில் இருந்துகொண்டு ஆங்கில காமிக்ஸ் வாசிக்கிறவர்களுக்கு அந்த இரண்டு இடத்தின் பெறுமதி தெரியும். இங்கே கடைகளில் பயிற்சிப் புத்தகமும் கொப்பியும் தாராளமாகக் கிடைக்கும், இது கிடைக்காது. கொழும்புக்குச் சொல்லி எடுப்பித்தாலும் கேட்டதுதான் வரும் என்று நிச்சயமில்லை. வாசிக்கப்போவது நானும் என் பெறாமகளும். அவள் தரம் 9. ‘சின்னம்மா, இந்த முறை பெட்டை ஒருத்தியின் கதை வேண்டும்’ என்பது அவளுடைய ஒரே நிபந்தனை.

அளவுகோலாக நான் வைத்திருப்பது ‘பேட்மேன்: இயர் ஒன்’. 1987 இல் பேட்மேன் இதழின் 404 முதல் 407 வரை நான்கு இதழ்களில் வந்தது. எழுதியது ஃபிராங்க் மில்லர், வரைந்தது டேவிட் மசுக்கெல்லி. 1939 இல் பேட்மேனின் தொடக்கத்தை இரண்டு பக்கத்தில் முடித்திருந்தார்கள். மில்லர் அதை ஒரு வருடக் கதையாக விரிக்கிறார். அதில் பாதி பேட்மேனுடையதே அல்ல, கோர்டன் என்ற பொலிஸ்காரருடையது. இருவரும் ஒரே நாளில் அந்த நகரத்துக்கு வந்து சேர்கிறார்கள், ஒருவர் விமானத்தில், மற்றவர் ரயிலில். லஞ்சம் தின்று கொழுத்த பொலிஸுக்குள் ஒரு நேர்மையான மனுசன் எப்படிச் சமாளிக்கிறார் என்பதை வாசிக்கும்போது, முகமூடி ஒன்றும் இல்லாமலே இவரும் நாயகன்தான் என்று எனக்குப் பட்டது. பேட்மேன் ஆகப்போகும் புரூஸ் வேய்ன் வெளியே போகும் முதல் இரவு படுதோல்வி. தெருச்சண்டையில் குத்துப்பட்டு, பொலிஸின் சூடும் பட்டு, இரத்தம் வடிய வீட்டுக்கு வந்து இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். அப்போதுதான் கண்ணாடி ஜன்னலை உடைத்துக்கொண்டு வௌவால் உள்ளே வருகிறது. ரிச்மண்ட் லூயிஸ் போட்ட வண்ணங்கள் மங்கலானவை, பழுப்பும் சாம்பலும் கலந்தவை. அந்த நகரத்தின் அழுக்கு அதில் அப்படியே தெரியும்.

ஆனால் தரம் 9 பிள்ளைக்கு அதைக் கொடுக்க மாட்டேன். கேட்வுமன் ஆகப்போகும் செலினா அதில் பாலியல் தொழில் செய்கிறவர். கதை நடக்கும் தெருக்களும் அப்படியானவை. இன்னொன்று, புரூஸின் எண்ணங்கள் கூட்டெழுத்தில் இருக்கின்றன. ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகப் படித்த கண்ணுக்கு அது கொஞ்சம் வேலை வைக்கும்.

அவள் வாசித்து முடித்தது ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ முதல் தொகுதி. 2000 இல் தொடங்கிய தொடர், பிரையன் மைக்கேல் பெண்டிஸ் எழுத்து, மார்க் பாக்லி ஓவியம். 11 பக்கத்தில் முடிந்த கதையை ஏழு இதழ்களுக்கு இழுக்கிறார்கள் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்த இழுப்புத்தான் பிடித்தது. பென் மாமா சாப்பாட்டு மேசையில் இருந்து கதைக்கிறார், கோபப்படுகிறார், பகிடி விடுகிறார். அதனால் அவர் போகும்போது நமக்கும் வலிக்கிறது. 1962 கதையில் அவரைப் பழக நமக்கு நேரமே தரவில்லை.

அடுத்ததற்கு வருவோம். ‘டேர்டெவில்: த மேன் விதவுட் ஃபியர்’ நல்ல புத்தகம், 1993, மில்லரும் ஜோன் ரொமிட்டா ஜூனியரும். வன்முறை அதிகம், வீட்டில் பிள்ளை இருக்கும்போது வேண்டாம். ‘சூப்பர்மேன்: பர்த்ரைட்’ 12 இதழ்கள், பெட்டிக்குப் பாரம். இரண்டையும் விட்டுவிட்டேன்.

நான் சொல்லி அனுப்பப்போவது ‘மிஸ் மார்வெல்’ முதல் தொகுதி. 2014 இல் ஜி. வில்லோ வில்சன் எழுத, ஏட்ரியன் அல்ஃபோனா வரைந்தது. ஐந்து இதழ்களை ஒன்றாகக் கட்டியது. என் சிநேகிதி ஒருத்தியின் புத்தகத்தை இரவல் வாங்கி ஏற்கனவே வாசித்துவிட்டேன். இரவல் புத்தகம் போதவில்லை, இது வீட்டில் இருக்க வேண்டியது.

கமாலா கான் 16 வயது, ஜெர்சி சிட்டியில் வளரும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண். வகுப்பில் எல்லோரும் கடற்கரையோரக் கொண்டாட்டத்துக்குப் போகிறார்கள். அப்பா விடமாட்டேன் என்கிறார், பெடியங்கள் வருவார்கள், இரவு நேரம். வகுப்பு முடிந்து டச் பே கடற்கரைப் பக்கம் அரை மணித்தியாலம் நின்று வர வீட்டில் அனுமதி கேட்டுப் பார்த்த எந்தப் பிள்ளைக்கும் இந்தப் பக்கங்களை விளக்கத் தேவையில்லை. தொழுகையை விட்டு எழும்பாத அண்ணன், வேலை தேடாமலிருக்கத்தான் தொழுகிறாயா என்று கடியும் தகப்பன், எல்லாவற்றுக்கும் கவலைப்படும் தாய். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அடுத்தடுத்த தெருவில் வாழும் எங்கள் ஊரில் இந்தக் குடும்பத்தை எல்லாருக்கும் தெரியும்.

அவள் ஜன்னலால் இறங்கிப் போகிறாள். நகரத்தை ஒரு விசித்திரமான மூடுபனி சூழ்கிறது. அதற்குள் அவள் உயிராக நேசிக்கும் பெண் சூப்பர் ஹீரோ காப்டன் மார்வெல் அவளுக்குத் தோன்றி, பழைய சூஃபிக் கவிஞர் அமீர் குஸ்ராவின் பாடலை உருதுவில் சொல்கிறார். என்னவாக வேண்டும் என்று கேட்டதும், உங்களைப் போல, என்கிறாள். அப்படியே ஆகிவிடுகிறாள்: பொன்னிறக் கூந்தல், வெள்ளைத் தோல், தொடை தெரியும் பழைய உடுப்பு. என் கேள்விக்கான பதில் இங்கே இருக்கிறது. அந்த மூடுபனியால் உருவம் மாறும் சக்தி வந்ததும் கமாலா செய்யும் முதல் வேலை, தன்னை அழித்துவிட்டு இன்னொருத்தியாக மாறுவது. திருட்டும் இல்லை, காசாசையும் இல்லை. ஆனால் மாயாவியும் ஸ்பைடர்மேனும் செய்த தவறுகளைவிட இது என்னை ஆழமாகத் தொட்டது. முடி முகத்தில் விழுகிறது, சப்பாத்து கடிக்கிறது, ஒன்றும் பொருந்தவில்லை. அந்த நேரம் பார்த்து, வகுப்பில் தன்னை மட்டந்தட்டும் ஸோயி தண்ணீரில் விழுகிறாள். ஒரு உயிரைக் காப்பாற்றியவர் மனித குலம் முழுவதையும் காப்பாற்றியவர் போல என்று அப்பா சொல்லித்தந்த குர்ஆன் வசனம் கமாலாவுக்கு நினைவு வருகிறது. கையைப் பெரிதாக நீட்டி அவளைத் தூக்கியெடுக்கிறாள். பிறகு தன் சொந்த முகத்தோடு, புர்கினி என்ற நீச்சல் உடையை வெட்டித் தைத்துத் தனக்கென்று ஒரு உடுப்புச் செய்துகொள்கிறாள். 2015 இல் அறிவியல் புனைகதைகளுக்கான ஹ்யூகோ விருது இந்தத் தொகுதிக்குக் கிடைத்தது. தகுதியான விருது.

அல்ஃபோனாவின் ஓவியத்தை ஆறுதலாகப் பாருங்கள். கடைப் பலகைகள், பெட்டிகளின் எழுத்துகள், பின்னால் நிற்கும் ஆக்கள் என்று மூலைக்கு மூலை பகிடி ஒளித்து வைத்திருக்கிறார்.

குறை இல்லாமலில்லை. கதை ஐந்தாம் இதழோடு முடிவதில்லை. எதிராளி அரைகுறையாகத் தலைகாட்டுவதோடு தொகுதி நின்றுவிடும். இயர் ஒன் போல ஒரே புத்தகத்தில் முழுமை தேடுகிறவர்கள் இரண்டாம் தொகுதிக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 2015 இல் அந்தத் தொடரை மீண்டும் ஒன்றாம் இலக்கத்திலிருந்து தொடங்கிவிட்டார்கள். முதல் இதழ் என்று மட்டும் சொல்லிவிட்டால் நடுக்கதை வந்து சேரும். 2014, முதல் தொகுதி என்று தெளிவாக எழுதி அனுப்புங்கள்.

பெட்டியின் இரண்டாவது இடம் எனக்கு. அது ‘சூப்பர்மேன் ஃபோர் ஆல் சீசன்ஸ்’, 1998, ஜெஃப் லோப் எழுத்து, டிம் சேல் ஓவியம். 1938 இல் சூப்பர்மேனின் தொடக்கம் ஒரே பக்கம். இங்கே நான்கு பருவங்கள், நான்கு பேர் சொல்கிறார்கள்: வசந்தத்தைத் தகப்பன், கோடையைப் பத்திரிகைக்காரி லோயிஸ், இலையுதிர்காலத்தை எதிரி லூதர், பனிக்காலத்தைப் பள்ளித் தோழி லானா. சோளகமும் வாடையும் கச்சானும் வைத்துக் காலத்தைச் சொல்லும் எங்களுக்கு அந்தப் பருவங்கள் அந்நியம்தான். ஆனால் மகன் வளர்ந்து கைமீறிப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த விவசாயத் தகப்பன் அந்நியமில்லை. சுழல்காற்று ஊரை அடிக்கும்போது, சூப்பர்மேன் ஆகப்போகும் அந்த மகன் கிளார்க் ஒருவரைக் காப்பாற்றுகிறான், இன்னும் செய்திருக்கலாமே என்ற எண்ணம் அவனை விடுவதில்லை. அவனுடைய சறுக்கல் அவ்வளவுதான், சின்னது. சூப்பர்மேனிடம் அது எனக்குப் போதும். டிம் சேலின் பெரிய வானத்தையும் வயல்களையும் அச்சில் பார்க்க வேண்டும், போன் திரையில் அவை சுருங்கிப்போகும்.

இயர் ஒன் அலுமாரியின் மேல் தட்டில் இருக்கிறது. பெறாமகள் உயர்தரம் படிக்கும் வயதுக்கு வந்ததும் எடுத்துக் கொடுப்பேன்.