நிவாரணப் பொதிக்காகப் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடை

2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயலின் மழையால் இலங்கையின் மலையகத்தில் மண்சரிவுகள் ஏற்பட்டுப் பாதைகள் துண்டிக்கப்பட்டபோது, கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையைச் சேர்ந்த குடும்பங்கள் ஒன்றுகூடி, நுவரெலியா மாவட்டத் தோட்டமொன்றின் 120 குடும்பங்களுக்கு உலர் உணவுப் பொதிகள் அனுப்பத் தீர்மானித்தோம். பொருள்களை வாங்கியது புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் உள்ள ஒரு மொத்த விற்பனைக் கடையில். கடையின் பெயரை எழுதாமைக்குக் காரணம், பின்னால் வரும் பால்மா விவகாரம்.

முதலில் அக்கடையின் சிறப்பைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் எழுதிக்கொண்டு போன பட்டியலில் குடும்பத்துக்குப் பத்துக் கிலோ அரிசியும் ஒரு பெட்டி குடிநீர்ப் போத்தல்களும் இருந்தன. முதலாளி அதை வாசித்துவிட்டு, தண்ணீர்ப் பெட்டிகளே லொறியின் பாரத்தில் பாதியைத் தின்றுவிடும் என்றும், தோட்டத்தில் காலையில் ரொட்டி சுடுகிறவர்களுக்கு அரிசியைக் குறைத்துக் கோதுமை மாவைக் கூட்டுவதே பொருந்தும் என்றும் சொன்னார். தோட்டத்துத் தலைவரிடம் தொலைபேசியில் கேட்டபோது அவரும் அதையே சொன்னார். குடிநீருக்கு அங்கே ஊற்று இருந்தது. இறுதியில் ஐந்து கிலோ அரிசி, மூன்று கிலோ மா, மைசூர்ப் பருப்பு, சீனி, டின் மீன், சோயா, உப்பு, பால்மா, தேயிலை என்று பட்டியல் மாறியது. தேயிலை விளையும் மலைக்கே தேயிலையா என்று எங்களில் ஒருவர் சிரித்தார். கொழுந்து பறிக்கிறவர்களிலும் பலர் தேயிலையை விலைக்குத்தான் வாங்குகிறார்கள் என்று முதலாளி சொன்னதும் அவர் அடங்கிவிட்டார்.

விலையைப் பொறுத்தவரை பெரிய சலுகை எதுவும் இல்லை. அதே தெருவின் வேறு இரண்டு கடைகளில் பருப்பு சற்று மலிவாகவே கிடைத்தது. ஆயினும், நிறுத்துக் குடும்பவாரியாகக் கட்டித் தருவதற்கும், எஞ்சிய பொருளைப் பிரிக்காமல் கொண்டுவந்தால் திருப்பி எடுப்பதற்கும், பொருள்வாரியாக விலை எழுதி முத்திரையிட்ட பற்றுச்சீட்டுத் தருவதற்கும் சம்மதித்தது இந்தக் கடை மட்டுமே. பலரிடம் பணம் திரட்டிச் செலவிடுகிறவர்களுக்கு அந்தப் பற்றுச்சீட்டு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது கணக்குக் காட்ட நின்றவர்களுக்குத் தெரியும். பொலித்தீன் பைகளை இலவசமாகக் கொடுக்கக்கூடாது என்ற விதி 2025 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருந்ததால், வெற்றுச் சீனிச் சாக்குகளைக் குறைந்த விலைக்குத் தந்தார்கள்; பைகளைவிட அவையே மலைப் பாதையின் குலுக்கலைத் தாங்கின.

இனிக் குறை. பொதி கட்டிய இரவில், பால்மாப் பெட்டிகளுள் ஒன்றில் இருந்த 24 பைக்கற்றுகளுக்கும் காலாவதியாக மூன்று வாரங்களே இருப்பதை எங்கள் பிள்ளை ஒருத்தி கண்டுபிடித்தாள். மறுநாள் காலையில் கொண்டுபோய்க் காட்டியபோது கல்லாவில் இருந்த இளைஞர், “நிவாரணத்துக்குத்தானே அண்ணன், உடனே கரைச்சுக் குடிச்சிருவாங்க” என்றார். அந்தப் பேச்சைத்தான் என்னால் இன்னும் சீரணிக்க முடியவில்லை. வீடிழந்து பாடசாலை மண்டபத்தில் படுத்திருக்கிறவர்கள் பால்மாவைச் சிக்கனமாக, பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்துக் கரைப்பார்கள். அது ஒரு மாதத்துக்கு மேலும் வரும். முதலாளி வந்து மன்னிப்புக் கேட்டு முழுப் பெட்டியையும் மாற்றித் தந்தார். ஆனால் அதற்குள் மூட்டை தூக்கும் நாட்டாமிமார் வேறு பாரத்துக்குப் போய்விட்டதால், எட்டு மணிக்குப் புறப்பட வேண்டிய லொறி பதினொரு மணிக்கே அவிசாவளைப் பாதையைப் பிடித்தது. ஹற்றனைத் தாண்டும்போது இருட்டிவிட்டது.

இதே வேலைக்கு மறுபடியும் அங்கே போவேனா என்றால், போவேன். ஆனால் பொருளை ஏற்றுவதற்கு முந்திய நாளே கடைக்குள் நின்று ஒவ்வொரு பெட்டியின் திகதியையும் பார்த்துவிட்டுத்தான் பணத்தை எண்ணுவேன். பகலில் அந்தத் தெருவில் லொறியை நிறுத்துவது பெரும்பாடு என்பதால், காலை ஏழு மணிக்கு முன்னரே போய்விடுவது நல்லது.